இருந்திருக்கக் கூடாத கால்

மார்ச் 4, செவ்வாய்

நகராட்சி அலுவலகத்தில் இன்று இரண்டு வேலை. முதலாவது சொந்த வேலை. மகளின் பிறப்புப் பதிவில் பெயருக்கு நடுவே ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது, திருத்தியாயிற்று. பதிவு எழுத்தர் கணினியில் தட்டிவிட்டுச் சிரித்தார். "பதினாறு வருஷமா ஒரு கால் இல்லாமலே நடமாடிட்டு இருந்திருக்கா பாருங்க உங்க பொண்ணு!"

அடுத்தது குழுக் கூட்டம். போன மழையில் கீழ்த்தளத்துக் கணினிகள் நனைந்ததிலிருந்து, பிறப்பு, இறப்பு, வீட்டுப் பதிவுகளை வெளியே ஒரு கம்பெனியிடம் பத்திரமாக வைக்க ஏற்பாடு. எந்தக் கம்பெனி என்று முடிவு செய்ய மூன்று பேர்: தலைவராக அக்கா, தொழில்நுட்ப அதிகாரி, பொதுமக்கள் சார்பில் நான். என்னைப் போடச் சொன்னதே அக்காதான். பதினொரு வருடமாக ஞாயிறு வழிபாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கும்பிடுகிறோம். கூடப் பிறக்காத குறைதான். "வீட்டுக் கணக்கையே இவ்வளவு சுத்தமா எழுதுறவ, ஊர் விஷயத்த விட்டுடுவியா?" என்றார். பத்தாவதோடு நின்றவளுக்கு அந்த நீள மேசையில் ஒரு நாற்காலி. கடவுள் கொடுத்தது என்றே நினைத்தேன்.

ஒரு பெரிய கம்பெனி, ஒரு சின்னக் கம்பெனி. பிப்ரவரி 28 அன்று இருந்த பதிவுகளின் நகலை இருவருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதே நகல் இன்னொன்று முத்திரையிட்டு அலுவலக அலமாரியில் இருக்கிறது.

மார்ச் 8, சனி

மகளின் கணினிப் புத்தகத்தில் பேக்கப் பற்றிய பாடத்தை மூன்று முறை படித்தேன். நகல் எடுத்து வைப்பது பாதி வேலைதானாம். வைத்ததைத் திருப்பி எடுத்துக் காட்டுவதுதான் மீதி.

மார்ச் 12, புதன்

கேட்டுவிட்டேன். பெரிய கம்பெனியின் டை கட்டியவர், "தினமும் மூணு காப்பி எடுக்கறோம் மேடம்" என்றார்.

"எடுக்கறது சரி தம்பி. எடுத்தத எப்பவாவது திருப்பிப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

அவர் தொழில்நுட்ப அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி விட்டத்தைப் பார்த்தார். கடைசியில், இரண்டு கம்பெனியும் பிப்ரவரி 28 நகலிலிருந்து பதிவுகளை மீட்டுக் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "நல்லா மாட்டிவிட்டே அந்த ஆளை" என்று குளித்துக்கொண்டே சிரித்தார்.

மார்ச் 19, புதன்

பெரிய கம்பெனி பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டது. சின்னக் கம்பெனிக்காரப் பெண் இன்னும் நாள் வேண்டும் என்றாள்; பாவம், முகம் வாடிப்போயிற்று. திரையில் மகளின் பதிவைக் கேட்டேன். வந்தது - முழுப் பெயரும், துணைக்காலோடு, அழகாக. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். "இப்ப நிம்மதியா?" என்று அக்கா என் தோளைத் தட்டினார்.

மார்ச் 20, வியாழன்

மகளின் புதுச் சான்றிதழ் தபாலில் வந்தது. கோப்பில் வைக்கும்முன் வழக்கம்போல் தேதியைக் குறித்துக்கொள்ளப் பார்த்தேன். திருத்திய நாள்: மார்ச் 4.

மார்ச் நாலு.

அப்படியென்றால் பிப்ரவரி 28 நகலில் அந்தக் கால் எப்படி வந்தது? இருந்திருக்கக் கூடாதே. கைதட்டினேனே - தட்டியவள் நான்தானே!

அவர்கள் காட்டியது பழைய நகல் இல்லை. மார்ச் நாலுக்கு அப்புறம் எடுத்தது. எங்கிருந்தோ வாங்கி வந்தது.

அக்காவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அக்காவையும் சேர்த்தல்லவா ஏமாற்றியிருக்கிறார்கள்.

மார்ச் 21, வெள்ளி

அக்காவுக்குத் தெரியும்.

தெரியும் என்பது கூட இல்லை. அவள்தான் செய்தாள். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அவங்க வாங்கிட்டுப் போனது கெட்டுப்போச்சு, திறக்கவே இல்ல. அதான் புதுசா ஒண்ணு எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். என்ன இப்போ? எல்லாம் ஒரே பதிவுதானே."

"கெட்டுப்போறத கண்டுபிடிக்கத்தானே அக்கா சோதனை வச்சோம்?"

"மாப்பிள்ளை இப்பத்தான் அந்தக் கம்பெனில சேந்திருக்கார். நல்லபடியா முடியட்டும்னு பாத்தேன்."

மாப்பிள்ளை விஷயம் எனக்கு இன்றுதான் தெரியும். குழுவில் மற்ற இருவருக்கும் அவள் சொல்லவே இல்லை.

நடவடிக்கைக் குறிப்பின் வரைவையும் காட்டினாள். அதில் நான் இருக்கிறேன். "பொதுமக்கள் உறுப்பினர் தம் மகளின் பதிவையே கேட்டுப் பார்த்து, முழுத் திருப்தி தெரிவித்தார்." என் பிள்ளையின் பெயரைப் பார்த்த சந்தோஷத்தைச் சாட்சியாக்கி எழுதி வைத்திருக்கிறாள். புதன்கிழமை நான் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஊரில் பிறந்தவர், இறந்தவர் எல்லாம் திறக்காத அந்தப் பெட்டிக்குள்.

போட மாட்டேன் என்றேன். சிரித்தாள். "உன்ன எதுக்குக் குழுவுல போட்டேன்னு நெனச்சே? படிச்சவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நீ என் பேச்ச தட்ட மாட்டேன்னுதான்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். எதற்குக் கும்பிட்டோம் இத்தனை வருடம், அவளும் நானும்?

மார்ச் 23, ஞாயிறு

வழிபாட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்று வீட்டில் சொன்னேன். பொய்.

மார்ச் 26, புதன்

இவர் காலையில், "உனக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார். பிறகு அவரே பேருந்து நிறுத்தம் வரை கூட வந்து, "நிதானமா பேசு. கோபப்பட்டா அழுதுடுவே, தெரியும்ல" என்றார்.

அழவில்லை. ஒரே பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். படித்தேன். அலமாரியில் உள்ள நகலைத் திறக்கச் சொன்னேன். அதிகாரி முத்திரையை உடைத்துத் திறந்தார். மகளின் பெயர் வந்தது, கால் இல்லாமல்.

டை கட்டியவர் தண்ணீர் குடித்தார். அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "புது நகல் அவங்களுக்கு எப்படிப் போச்சு?" அக்கா தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நான்தான் மாப்பிள்ளை விஷயத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

இரண்டு கம்பெனிக்கும் எல்லோர் முன்னாலும் மறுசோதனை. வேறு தலைவர்.

ஏப்ரல் 9, புதன்

பெரிய கம்பெனி வரவே இல்லை. சின்னக் கம்பெனிக்கு நாலரை மணி நேரம் ஆயிற்று. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு நூறு பதிவுகளைப் பொறுக்கினார். முத்திரையிட்ட நகலோடு நூறும் ஒத்துப்போயின. அந்தப் பெண் மதியம் சாப்பிடவே இல்லை. கையெழுத்துப் போட்டேன். "ரொம்ப கறாரா இருந்தீங்க மேடம்" என்றாள். திட்டா பாராட்டா என்று கேட்கவில்லை.

ஜெயித்த மாதிரியே இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மூன்று வாரம் போதும். கடவுளோடு எனக்கு என்ன சண்டை? ஆனால் ஒன்பது மணி வழிபாட்டுக்குப் போனால் அக்கா பக்கத்தில் உட்கார வேண்டும். வேறு வரிசையில் உட்கார்ந்தால் ஊரே கேட்கும். அதனால் யாரும் வராத காலை ஆறு மணி வழிபாட்டுக்குப் போனேன்.

கூடத்தில் விளக்கு பாதிதான் போட்டிருந்தார்கள். நாலைந்து பேர். கடைசி வரிசைத் தூண் ஓரம் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தார். நானும் பாதி திரும்பிவிட்டேன். அவரும் அதே கணக்குப் போட்டுத்தான் ஆறு மணிக்கு வந்திருக்கிறார்.