ஆஷ்லோ பூங்கா கேட் பூட்டிய நாட்கள்

1953 மார்ச் 2, திங்கள்
ஆஷ்லோ மாளிகைக் கூரையிலிருந்து இன்று ஈயத்தகடுகளை உரித்தார்கள். பெரிய துரை இறந்து எட்டு மாதம். வரி கட்ட முடியாமல் மகன் மாளிகையை இடிக்கக் கொடுத்துவிட்டார். காய்ந்த துணியெல்லாம் தூசி, மறுபடி துவைத்தேன். பிறகு பூங்கா வழியாக சர்ச்சுக்குப் போய் நோராவின் கல்லறையைத் துடைத்தேன். இருந்திருந்தால் என் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது.

ஏப்ரல் 19, ஞாயிறு
மாளிகை இருந்த இடத்தில் வெறும் வானம். ஓக் மரங்கள் மட்டும்.

மே 6
பூங்காவை வாங்கிய கிரிம்ஸ்டன் வந்தார். ஆடு மேய்க்கப் போகிறாராம், கேட்டை மூடிவிடுவாராம். "சர்ச்சுக்குத்தான் ரோடு இருக்கேம்மா." சுற்றினால் மூன்று மைல். இந்த இடுப்பை வைத்துக்கொண்டா?

மே 20
இருபது வருஷம் தடையில்லாமல் ஜனங்கள் நடந்திருந்தால் அது பொதுவழியாம். கவுன்சில் அதிகாரி சாட்சி கேட்கிறார். என் குறிப்பேடுகள் இருக்கின்றனவே! எந்த நாள் போனேன், யார் கூட வந்தார்கள், எல்லாம். ஸ்தோத்திரம்.

மே 21
என் வீட்டுக்காரர் வில்ஃப் சாப்பிடவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கேட் காவல் அவர்தான். "பிப்ரவரி கடைசித் திங்களுக்கு வருஷா வருஷம் கேட்டைப் பூட்டச் சொல்வாரே துரை, எதுக்குன்னு நெனச்ச? வருஷத்துல ஒரு நாள் பூட்டினாலே பொதுவழி ஆகாது, ஐவி. பூட்டினது நான்தான்."
"அது என் நோட்டில—"
"இருக்கும். நீ எதைத்தான் எழுதாம விட்ட?"
இருக்கிறது. எல்லா வருஷமும். 'கேட் பூட்டு. போகவில்லை.'

மே 23
ரொட்டிக்கடை பெக் அம்மா சொல்கிறாள், "வருஷத்துக்கு ஒரு தாளைக் கிழிச்சுட்டுக் கொண்டு போயேன். ஆண்டவர் என்ன தாளா எண்ணிக்கிட்டிருக்கார்?"
எண்ணுவார். ஆனால் நோராவை யார் பார்ப்பது? கத்தரிக்கோலை எடுத்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூன் 9
கவுன்சிலில் குறிப்பேடுகளை ஒரு தாளும் கிழிக்காமல் முழுசாகக் கொடுத்தேன். அதிகாரி பக்கம் புரட்டும் சத்தம் மட்டும். கிரிம்ஸ்டன்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 12, ஞாயிறு
பொதுவழி இல்லையென்று கவுன்சில் சொல்லிவிட்டது, கிரிம்ஸ்டன் கேட்டைப் பூட்டிவிட்டார். ரோடு வழி. போய்ச் சேரும்போது கடைசிப் பாட்டு. நோராவின் மேல் புல் முளைத்துவிட்டது.

1954 பிப்ரவரி 22, திங்கள்
பிப்ரவரி கடைசித் திங்கள். பனி. இடுப்பு வலியால் மூன்று வாரமாகப் போகவில்லை. காலையில் வில்ஃப் கோட்டை மாட்டி, ஆணியிலிருந்து பழைய சாவியை எடுத்தார். கதவு வரை போய் நின்றார். பிறகு சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். தேநீர் ஊற்றினேன்.
கேட் பூட்டு. போகவில்லை.