உரிந்து வந்த குடைகள்

மார்ச் 4

காட்சிக்கூடத்து மேடம் ஒருவழியாக இறங்கி வந்தார். கூட்டுக் கண்காட்சியில் என் படம் ஒன்றுக்கு இடம். "இருபதாம் தேதி காலையில இங்க இருக்கணும். போன தடவை மாதிரி ஈரப் படத்தோட வந்து நிக்காதீங்க. இதுதான் கடைசி" என்றார். எண்ணெய் வண்ணம் காயாததற்கு நான் என்ன செய்வேன்? இந்தத் தடவை மெழுகு ஓவியம்; அதில் அந்தத் தொல்லையே இல்லை.

மார்ச் 6

பலகைக்கு அடிப்பூச்சு என் வீட்டுக்காரர் பொறுப்பு. சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசச் சொல்லியிருந்தேன். வெள்ளை வெளேரென்று தயாராக நிற்கிறது. மனுஷன் உருப்படியாகச் செய்த ஒரே வேலை.

தேன்மெழுகும் குங்கிலியமும் உருக, வீடே மணக்கிறது. தூரிகை பலகைக்குப் போவதற்குள் மெழுகு இறுகிவிடும், யோசிக்க நேரமில்லை. நல்லதுதான். நான் யோசித்துத்தான் கெடுக்கிறேன்.

வரைவது: மழை நாளில் எங்கள் மாடிப்படியில் விரித்து வைத்த குடைகள்.

மார்ச் 11

ஒவ்வொரு பூச்சுக்கும் சூடான காற்று ஊதும் ஹீட் கன் காட்டி, அடியில் இருப்பதோடு உருக்கி ஒட்ட வேண்டும். சூடு கூடினால் ஓடிவிடும். இன்று சிவப்புக் குடை பச்சைக் குடைக்குள் ஓடியது. திட்டிக்கொண்டே சுரண்டினேன். அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. நானாக வைத்திருந்தால் இவ்வளவு அழகாக வந்திருக்காது. அப்படியே விட்டுவிட்டேன்.

மார்ச் 17

முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்கிறேன்.

மார்ச் 18

போச்சு. துணி சுற்றப் பலகையைத் தூக்கினால் மெழுகுப் பூச்சு ஒரு மூலையில் தனியாக எழும்பி நிற்கிறது.

"இதுல என்னத்தப் பூசினீங்க?"

"பொடி பத்தல. ஹாலுக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு. ரெண்டும் வெள்ளைதானே?"

பிளாஸ்டிக் பெயிண்டில் மெழுகு எப்படிப் பிடிக்கும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். சொன்னால் மேடம் நம்புவாரா? வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். வீட்டுக்காரர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நாளன்னைக்கு எதைக் கொண்டுபோய் நீட்டுவேன்? அழுகையாக வருகிறது.

மார்ச் 19

உரித்து, மறுபடி உருக்கி டப்பாவில் போட்டுவிடலாம் என்று பலகையை லேசாகச் சூடாக்கி விளிம்பைத் தூக்கினேன். தோல் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அவர் ஓடி வந்து மறுமுனையைத் தாங்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம் —

குடைகளுக்குள் வெளிச்சம் புகுந்துவிட்டது. பலகை மறைத்திருந்த அத்தனை பூச்சும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தது.

"அசையாதே" என்றார். நேற்றிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்துச் சட்டம் போட்டுத் தந்தார்.

மார்ச் 20

மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். "இதைச் சுவத்துல மாட்ட முடியாதே" என்றார். சட்டத்தைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினேன். பிறகு, "வெயில் படாத ஜன்னல் ஒண்ணு இருக்கு. அங்க தொங்க விடுவோம்" என்றார்.

பகல் முழுக்க ஜன்னலருகே கூட்டம். நம்ம வீட்டுக்காரர் யாரோ ஒருவரிடம், "அடிப்பூச்சு என் கைவண்ணம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுக்கவா முடியும்?

மார்ச் 23

மேடம் போன் செய்தார். அடுத்த கண்காட்சிக்கு இதே மாதிரி இன்னும் மூன்று வேண்டுமாம்.

வீட்டுக்காரர் பெயிண்ட் கடைக்குப் போயிருக்கிறார். நான்தான் அனுப்பினேன்.