தொண்ணூற்றுக்குள் ஒரு நூறு

இன்று காலை பள்ளிக்கு ஒரு சுருள் வந்தது. பிரித்தால் வழவழப்பான தாளில் ஒன்று முதல் நூறு வரை எண்கள், பக்கத்தில் தமிழில் எண்பெயர்கள். வகுப்பறை முழுக்கப் புது அச்சு மையின் நெடி. கொண்டுவந்தவர், “போட்டோவுல தெரியற மாதிரி உசரத்துல மாட்டிடுங்க டீச்சர், இன்னிக்கே டிபார்ட்மென்ட் ஆப்ல ஏத்தணும்” என்றார். மாட்டினேன். படம் எடுத்தேன். ஏற்றினேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளைகளுக்கு அதில் ஓரெழுத்தும் தெரியவில்லை. தொண்ணூறு என்று தொடங்கும் வரிசையைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும். அதில் பாதி உன் மேல்தான்.

நீ இருந்தபோது உன்னோடு வேலை பார்ப்பது லேசான காரியமாக இருந்ததா என்ன? தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கி, ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூடாரங்களைத் தாண்டி நடந்தால் நம் பள்ளி. ஐந்து வகுப்புக்கு நாம் இரண்டு பேர். நான் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவள். நீ இந்த மண்ணுக்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வகுப்பில் தமிழ், என்னைத் திட்டுவதற்கு மூன்றும். பிள்ளைகள் முன்னால் ‘டீச்சர், டீச்சர்’ என்று மரியாதை. பஸ் ஏறியதும் ‘ஏய்’.

எந்தப் பாடத்தையும் நீ குறித்த காலத்தில் முடித்ததில்லை. மற்ற பள்ளிகள் பெருக்கலுக்குப் போன பிறகும் உன் மூன்றாம் வகுப்பு தரையில் உட்கார்ந்து விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருக்கும். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட், ரோஜாப் பண்ணைக்குப் போகும் அம்மாக்கள் கொடுத்தது. பாடத்திட்டம் எங்கே போகிறது, நீ எங்கே நிற்கிறாய் என்று நான் கேட்டால், “பாடம் முன்னாடி போயி என்ன பண்றது, புள்ளைங்க வரலியே” என்பாய். பதிவேற்ற வேண்டியதையெல்லாம் நான் பதிவேற்றுவேன். சிக்னல் கிடைக்காமல் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடுவதும் நான்தான்.

சௌம்யாவை மறந்திருக்க மாட்டாய். அவள் அம்மாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை, அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் தெலுங்கு. “எங்க வூட்டுல கணக்கு சொல்லித்தர யாரு இருக்காங்க டீச்சர்? நீங்க சொல்றதுதான்” என்று அந்த அம்மா கம்பெனி வேனிலிருந்து இறங்கிய களைப்போடு வாசலில் நின்று சொன்னார். சௌம்யா எண்பத்தொன்பது வரை சரியாக எழுதுவாள். தொண்ணூறு வந்தால் எல்லாம் குழம்பிப்போகும். கவனம் இல்லை என்று நான் முடிவுகட்டினேன். நீ அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாய். மறுநாள் பஸ்ஸில் என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

“ஏய், தொண்ணூறுக்குள்ள நூறு இருக்குடீ! தெலுங்குல நூறுன்னா நூறு, கன்னடத்துலயும் நூறு. அந்தப் புள்ளை காதுல நூறுதான் விழுது. அதான் நூறுன்னு எழுதுறா. அவ தப்பா எழுதல, சரியாக் கேட்டிருக்கா!”

பிறந்ததிலிருந்து தமிழ் மட்டுமே பேசுகிற எனக்கு அது ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் ஆய்வுக்கு அந்தக் கல்வி அலுவலர் வந்தார். நல்ல மனிதர்தான், அவசரத்தில் இருந்தார். சௌம்யாவைக் கூப்பிட்டு, “தொண்ணூற்றேழு எழுதும்மா” என்றார். அத்தனை பேர் பார்க்க, அவள் பலகையில் 107 என்று எழுதினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். நீ விட்டாயா?

“ஒரு நிமிசம் சார். சௌம்யா, தொம்பை ஏடு ராயி.”

அவள் சட்டென்று 97 என்று எழுதினாள்.

“டீச்சர், இது தமிழ் மீடியம். தெலுங்குல கேட்டு எழுதவச்சா அது கணக்குல வருமா?”

“கணக்குலதானே சார் வருது?” என்றாய், சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. ஆப்பில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தது. அன்று பஸ்ஸில் நான் உன்னை விட்டுவைக்கவில்லை. “உனக்கு எதுக்கு அந்தச் சிரிப்பு? அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆறாம் வகுப்புல இவளுக்கு யாரு தொம்பை சொல்லப்போறாங்க?” “அதுக்குத்தான் ரெண்டையும் இப்பவே சேத்துக் கட்டுறேன். கொஞ்ச நாள் குடுங்கடா சாமீன்னுதான் கேக்குறேன். அது ஒண்ணுதான் யாரும் தரமாட்டேங்குறாங்க” என்றாய்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பஸ் படியேறவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். ஓசூருக்குப் போய்க் காட்டு என்று எத்தனை முறை சொன்னேன்! “கழித்தல் முடியட்டும். கடன் வாங்குறது பாதியில நிக்குது. இப்ப லீவு போட்டா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும்.” இதுதான் உன் பதில். நீ லீவு போட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில் விழும் என்ற கவலையும் உனக்கு இருந்தது. அதை நீ சொல்லவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் போன் செய்தார். இதயம் என்றார். பாழாய்ப்போன கழித்தல்! அதற்காக ஒருத்தி உயிரை விடுவாளா?

உன் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஐந்து வகுப்பும் என் தலையில்தான் விழுந்தது. கடன் வாங்கிக் கழித்தலை உன் குச்சிகளை வைத்து நானே முடித்தேன். நீ சொல்லித்தருகிற அழகு எனக்கு வரவில்லை. இரண்டு மடங்கு நாள் பிடித்தது. வருடக் கடைசி மதிப்பீட்டில் சௌம்யாவிடம் நான் தமிழில் மட்டும்தான் சொன்னேன்: தொண்ணூற்று மூன்றிலிருந்து நாற்பத்தெட்டைக் கழி. அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. ‘தொம்பை’ என்பது எனக்குத் தெரிந்தது. 93 என்று எழுதினாள், கழித்தாள், 45. பெயருக்கு நேரே பச்சை விழுந்தது. யாரிடம் காட்டுவது என்று கைப்பேசியோடு திரும்பினேன். உன் நாற்காலியில் சத்துணவு மூட்டை இருந்தது.

இப்போது ரோஜாப் பண்ணை வேலைக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வந்திருக்கின்றன. லிப்சா என்று ஒரு பெண் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள். பல நாள் வாயே திறக்கவில்லை. தமிழ் தெரியாது, கணக்கும் தெரியாது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் கால்வலியோடு தரையில் உட்கார்ந்து, என் விரலை நீட்டி, “உங்க வீட்டுல இதை என்னன்னு சொல்வீங்க?” என்று கேட்டேன். என் விரலைத் தொட்டு, “ஏக” என்றாள். பிறகு “துய்”, “தினி”. பத்துக்கு மேல் போனதும் நான் திணறினேன். அவள் சிரித்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

நேற்று பஸ்ஸில் அந்த எண்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா, சொல். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட நோய் இது. மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் இன்னும் தொடங்கவில்லை. ஏன் தொடங்கவில்லை என்று ஆப் தினமும் கேட்கிறது.

கேட்கட்டும்.