விரிப்பின் மறுமுனை

8.1.72 சனி
பெரிய மேஜை விரிப்பு ஒன்று இன்று குறையில்லாமல் வந்தது. ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைச் சேரியிலிருந்து வேலைக்கு வரும் தங்கம்மாள். அடிப்பாகத்தைச் சாய அண்டாவில் முக்கி, இரண்டு பேரும் ஒரே சீராகத் தூக்க வேண்டும். ஒருத்தி கை முந்தினாலும் நீலம் கோணிக்கொள்ளும். எடுக்கும்போது பச்சை, காற்றுப் பட்டதும் நீலம். "சூனியம் வெக்கிற மாரி இருக்கு பாயம்மா" என்று சிரித்தாள்.

எனக்குச் சாயம் போடக் கற்றுக்கொடுத்த நாகப்பட்டினம் கான்வென்ட் சிஸ்டர், பள்ளி விழா விருந்துக்கென்று கேட்டவை இவை. என் வீட்டுக்காரர் பினாங்குக் கடைக்குப் போனதிலிருந்து, மாமனார் வீட்டில் என் காரியம் என்று இருப்பது இது ஒன்றுதான்.

19.1.72 புதன்
அறுப்பு நின்றுவிட்டது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சேரியே வயலில் இறங்கவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குகிறது. சங்கத்தில் முன்னால் நிற்பவன் தங்கம்மாளின் புருஷன் மருதையன். நாங்கள் குத்தகைக்கு உழுவதும் அதே பண்ணை நிலம்தான். மாமா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

22.1.72 சனி
பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கம் வந்தார். "ராவுத்தரே, மருதையன் பொண்டாட்டிக்கு ஒங்க கொல்லைல என்ன வேலைன்னு ஐயா கேக்கச் சொன்னாங்க." அவ்வளவுதான் சொன்னார். மாமா அவரைத் தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

"இனிமே அவ வரக் கூடாது பானு. நெலம் போனா எங்க போறது?"

"அவ என்ன செஞ்சா மாமா?"

"ஒண்ணும் செய்யல. தெரியும் எனக்கு."

தங்கம்மாளிடமும் அவரே சொன்னார். அவள் கையைக் கழுவிக்கொண்டு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

23.1.72 ஞாயிறு
தனியாக ஒன்று முக்கினேன். ஒரு பக்கம் நீலம் ஏறி நிற்கிறது. பாழ்.

29.1.72 சனி
களத்துமேட்டில் அடிதடி. மருதையனுக்கு மண்டையில் அடியாம். அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது போலீஸ். பொழுது சாய்கையில் தங்கம்மாள் கொல்லைப் படலண்டை வந்து நின்றாள்.

"புள்ளைங்கள மட்டும் ரெண்டு நாளைக்கி வச்சிக்குங்க பாயம்மா. நான் ஸ்டேஷன் வரைக்கும் போயி பாத்துட்டு வந்துடுறேன்."

உள்ளேயிருந்து மாமா குரல்: "படலச் சாத்து பானு."

நான் என்ன செய்ய? யாரிடம் கேட்க? அவரிடம் கேட்க பினாங்குக்கா ஓட முடியும்? பிள்ளைகளுக்குச் சோறாவது கொடுக்கலாம் என்று உள்ளே ஓடினேன். சட்டியோடு திரும்பி வந்தால் — யாரும் இல்லை.

3.2.72 வியாழன்
அவள் குடிசையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மன்னார்குடிப் பக்கம் போய்விட்டாள் என்கிறார்கள் சிலர். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

21.2.72 திங்கள்
பண்ணை குத்தகையைப் பிடுங்கிக்கொண்டது. "ஐயா சொந்தமா பயிர் வெக்கப் போறாங்க" என்றார் இராஜாங்கம். குத்தகைக்காரர் பெயரைப் பதியும் சட்டம் வந்தபோது மற்றவர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். ஐயா மனசு நோகும் என்று மாமா மட்டும் பதியவில்லை. இப்போது நாங்கள் உழுததற்கு ஒரு சாட்சியும் இல்லை. மாமா சாப்பிடவில்லை. பண்ணை சொன்னதையெல்லாம் கேட்டோமே — கேட்டு என்ன?

9.3.72 வியாழன்
விருந்து நெருங்கிவிட்டது என்று சிஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். பாதி விரிப்பு இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது. காலையில் சாயத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். மாமா கொல்லைக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப தூக்கணும்?"

"நான் சொல்றேன் மாமா. மெதுவா."

அவர் கை முந்திவிட்டது. நீலம் கோணலாகத்தான் ஏறியது. காற்றில் அது நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவ புடிச்சா நேரா வரும்ல?"

அடுத்த விரிப்பைத் தண்ணீரில் நனைத்தேன்.