இரண்டு சரோக்களில் ஒருத்தி

பெரிய சரோவுக்கு,

நேற்று என் மருமகள் சோபாவில் சாய்ந்தபடி போனில் குழந்தைப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதம், பெண் குழந்தை என்று தெரிந்துவிட்டது. துணி மடித்துக்கொண்டே, "சரோஜான்னு வைக்கலாமே" என்று என் பெயரையே சொன்னேன். மகன் சிரித்தான். "அது உங்க காலத்துப் பேரும்மா. தெருவுக்கு நாலு சரோஜா இருந்த காலம்."

மருமகள் நல்லவள். "சரோன்னு சுருக்கினா கேக்க நல்லாத்தான் இருக்கு அத்தை. ஆனா இப்ப யாரும் வைக்கறதில்லலா" என்றாள்.

பழசாமே நம் பேர். இதைக் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். அதிலிருந்து மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டேயிருக்கிறேன்.

நம் ரப்பர் தோட்டத்தில் அது பழசாக இல்லை. குழாயடியில் யாராவது "சரோ" என்றால் நாலைந்து தலைகள் திரும்பும். லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு நமக்கு. நீ நெட்டை, அதனால் பெரிய சரோ. நான் சின்ன சரோ. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனபோதும், அதை விட்டுவிட்டு ஈப்போவில் தையல் ஃபேக்டரியில் சேர்ந்தபோதும், அங்கேயே புந்தோங்கில் வாடகை வீட்டில் ஒரே கொசுவலைக்குள் படுத்தபோதும் அப்படியே இருந்தோம். பட்டணம் வந்ததும் கூட வேலை செய்த முனியம்மா மீனா ஆனாள். "நம்ம பேருக்கு என்னடி குறைச்சல்?" என்பாய் நீ.

தைப்பிங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தேநீர் கொண்டுவந்து வைத்தது நீதான். மாப்பிள்ளை அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, அதிகம் பேசவில்லை. பெண் பிடித்திருக்கிறது என்று சொன்ன அவர் அம்மா, "பேரு மட்டும் தோட்டத்துப் பேரா இருக்கு. நாங்க சுதான்னு கூப்பிட்டுக்கிறோம்" என்றார். நான் தலையாட்டினேன். அவர்கள் போனதும் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே நீ கேட்டாய்.

"உனக்குச் சம்மதமா?"

"பேருதானே."

"பேருதான். ஆனா உங்கம்மா வச்சது."

என் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள். நீ கழுவிய டம்ளர்களைத் துடைத்து அடுக்கினேன்.

தைப்பிங்கில் மழையும் ஓயவில்லை, சுதா என்ற அழைப்பும் ஓயவில்லை. கணவர் மென்மையானவர். மாமியார் கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. லீவு நாளில் நீ பஸ் ஏறி வந்து கேட்டிலிருந்தே "சரோ" என்று குரல் கொடுப்பாய். "இங்க அவ சுதா" என்றார் மாமியார் ஒருமுறை. "உங்களுக்குச் சுதாம்மா. எனக்கு அந்தப் பேரு வாயில வரமாட்டேங்குது" என்று சிரித்தபடி, கொண்டுவந்த ரம்புத்தான் பையை அவர் கையில் கொடுத்தாய். அவரும் வாங்கிக்கொண்டார்.

மகன் பிறந்தபோது எனக்கு இரத்தம் நிற்கவில்லை. துணைக்கென்று நீ வந்திருந்தாய். நினைவு போய்ப் போய் வந்தது. "சுதா, கண்ணைத் திற" என்று மாமியார் அழுதது காதில் விழுந்தது. யாரையோ கூப்பிடுகிறார் என்று கிடந்தேன். அப்புறம் நீ கன்னத்தைத் தட்டினாய்.

"அடியே சரோ, ஏந்திரி. புள்ளை பசியா இருக்கான்லா."

கண்ணைத் திறந்தேன். பிழைக்க வைத்தது டாக்டர்கள்தான், அது தெரியும். இருந்தாலும் நான் கண் திறந்தது அந்தப் பெயருக்கு. பக்கத்தில் நின்று மாமியார் அதைப் பார்த்தார். மறுநாள் கஞ்சி ஊட்டும்போது, "சரோ, இன்னும் ஒரு வாய்" என்று மெதுவாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பழையபடி சுதாதான்.

எண்பதுகளின் கடைசியில், சிறுநீரகம் பழுதாகி நீ போனாய். உன் புந்தோங் வீட்டில் பெண்கள், "எங்க சரோ போயிட்டாளே" என்று அழுதார்கள். என் பெயரைச் சொல்லி அழுவதை உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட இனி ஆளில்லை என்று அப்போதுதான் உறைத்தது. உனக்காக அழுதேனா, எனக்காகவா, இன்றுவரை தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில், கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன்: "இனிமே என்னைச் சரோன்னு கூப்பிடுங்க."

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எனக்கு அந்தப் பேரு பிடிச்சிருந்துச்சு. நீ ஒண்ணும் சொல்லல, அதான் நானும் விட்டுட்டேன்" என்றார்.

பழக அவருக்கு நாளாயிற்று. "சு" என்று தொடங்கி, நிறுத்தி, "சரோ" என்பார். மாமியார் அதைக் கேட்டும் தடுக்கவில்லை.

இப்போது அவர் தடுமாறுவதில்லை. காப்பி கேட்க, கண்ணாடியைத் தேட, சில சமயம் காரணமே இல்லாமல், அந்தப் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நம் இருவருக்கும் சேர்த்து, "இதோ வாரேன்" என்று நான் எழுந்து போகிறேன்.