ஒரே நம்பரில் இரண்டு பேர்

ஜூன் 3, செவ்வாய்

அலங்காநல்லூர் பக்கத்து நோயாளி ஒருவரின் பிரஷர் கணக்கு எங்கள் செயலியின் திரையில் வந்தது. காலையில் 112. பத்து நிமிடம் கழித்து 152. மறுநாள் 110, உடனே 150. கோடு ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்குகிறது. கருவிக் கோளாறு என்று குறித்துவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.

பன்னிரண்டு வருடம் வார்டில் நர்ஸாக நின்றவள் நான். ஆளைப் பார்க்காமல் கருவிக் கோளாறு என்று எழுத எப்போது பழகினேன்?

எங்கள் கம்பெனியை நடத்தும் ராஜகுருவுக்கு இன்று கால் தரையில் இல்லை. இருபதாம் தேதி சென்னையிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிக் குழுமத்தார் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் எங்கள் செயலி ஆறு மாவட்டங்களுக்குப் போகும். "அக்கா, பதினோரு ஊர்ல தொண்ணூறு சதவீதம் பச்சை! இத ஒண்ணக் காட்டுனாப் போதும்" என்றான். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. நான்கு வருடமாக அவன் கட்டியது. அவன் சந்தோஷத்தில் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஜூன் 4, புதன்

சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். அந்த ரம்பப்பல் கோடு மனதை விடவில்லை.

ஜூன் 5, வியாழன்

இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

காலையில் ராமக்காளுக்குப் போன் போட்டேன். அந்த ஊரில் வீடு வீடாகப் போய் எங்கள் கருவியை வைத்துப் பிரஷர் பார்ப்பவர் அவர்தான். "அந்த வீட்லயா? மாமியா முனியாயிக்கும் பாக்குறேன், மருமக சத்யப்ரியாவுக்கும் பாக்குறேன். வீட்டுக்கு ஒரு போன்தான தாயி இருக்கு? ரெண்டையும் அந்த நம்பர்லதான் போடுறேன்" என்றார்.

"மருமகளுக்கு என்ன வயசுக்கா?"

"இருபத்திமூணு. ஏழு மாசம் முழுகாம இருக்கு."

வண்டியை எடுத்துவிட்டேன். வழியில் பரவை ஊரைத் தாண்டியதுகூட நினைவில்லை.

சத்யப்ரியா வாசலுக்கு வந்தாள். முகம் ஊதியிருந்தது. காலில் விரலை வைத்து அமுக்கினேன், குழி அப்படியே நின்றது. கருவி 164/112 காட்டியது. மறுகையில் வைத்தேன். அதே.

"தலைவலி இருக்கா?"

"ரெண்டு நாளாக்கா. கண்ணு கூட மங்கலாத்தான் தெரியுது. போன்ல பச்சைன்னு வந்துச்சா, அதான் ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன்."

மாமியாருக்கு மாத்திரையில் அடங்கிய பிரஷர். மருமகளுக்குக் கொதிக்கிற பிரஷர். இரண்டையும் ஒரே ஆளுடையது என்று நினைத்துச் சராசரி எடுத்துப் பச்சை காட்டியிருக்கிறது.

108 ஆம்புலன்ஸ் வந்தது. வழி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வலிப்பு வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்பது தவிர வேறு நினைப்பில்லை. நேராகப் பிரசவ வார்டு. ஊசி போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தாய் பிழைத்துவிட்டாள்.

அவள் புருஷன் சின்னான் கப்பலூர் கம்பெனி உடுப்போடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க வரலன்னா என்னக்கா ஆயிருக்கும்?"

தண்ணீர் வாங்கிக் கொடுத்து அவனை உட்கார வைத்தேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏனென்றால் ஒரு நம்பருக்கு ஒரு நோயாளி என்ற விதியைப் போட்டதே நான்தான். போன வருடக் கூட்டத்தில் ராஜகுரு, பேர், வயது எல்லாம் கேட்கலாமா என்று கேட்டான். ராமக்காள் மாதிரி ஆட்களுக்குச் சிரமம், நம்பர் போதும் என்றேன். என் வாயால் சொன்னேன். கிராமத்தில் வீட்டுக்கு ஒரு போன்தான் என்று எனக்குத் தெரியாதா? நான் பிறந்ததே அந்த ஊர்களுக்கு நடுவில்தானே!

ஜூன் 9, திங்கள்

ராஜகுருவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. காலண்டரைப் பார்த்துவிட்டு, "இருபதாம் தேதி முடியட்டும்க்கா. அப்புறம் மொத்தமாச் சரி பண்ணிருவோம்" என்றான்.

"அதுவரைக்கும் பச்சை காட்டுமா குரு?"

"ஒரு கேஸ்தானக்கா?"

"ரம்பப்பல் கோடு இருநூத்திப் பதினேழு இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன்."

குரல் உயர்ந்துவிட்டது அவனுக்கு. "நம்பர் போதும்னு சொன்னது நீங்கதான? இப்ப நான் கொலகாரன் மாதிரிப் பேசுறீங்க!"

ஆமாம், நான்தான். மறுக்கவில்லை. ஆனால் நிறுத்து என்று சொல்லவும் நான்தானே இருக்கிறேன்?

ஜூன் 10, செவ்வாய்

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவுக்கு நானே எழுதிவிட்டேன். எங்கள் பச்சையை நம்ப வேண்டாம், இந்த 217 வீடுகளையும் நேரில் பார்க்க வேண்டும் என்று. அனுப்பிய பிறகுதான் ராஜகுருவுக்குச் சொன்னேன். அவன் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போனான்.

வேலை போய்விடும். போகட்டும். போகட்டுமா? மகளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு.

ஜூன் 11, புதன்

அறுபத்தோரு வீட்டுக்குப் போன். நாற்பதில் எடுத்தார்கள். தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

அலுவலகம் போனபோது ராஜகுரு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். செயலியில் எல்லா நிறத்தையும் எடுத்துவிட்டிருந்தான். "லிஸ்ட்ல இந்தப் பக்கத்து நம்பரெல்லாம் நான் கூப்புடுறேன். என்ன கேக்கணும்னு மட்டும் எழுதிக் குடுங்க" என்றான். மாலை வரை இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தோம்: "வீட்ல எத்தனை பேருக்குப் பிரஷர் பாக்குறாங்க? அவுங்க பேரு என்ன?"

மாலைக்குள் இன்னும் இரண்டு கர்ப்பிணிகள் கிடைத்தார்கள். இரண்டு பேரும் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

வந்தவர்களிடம் ராஜகுரு நடந்ததை அப்படியே சொன்னான். எதையும் மறைக்கவில்லை. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள், காபி குடித்தார்கள், பிறகு சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். சொல்லியனுப்ப மாட்டார்கள்.

"ஆறு மாவட்டத்துக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்க்கா?" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

ஜூலை 14, திங்கள்

குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்கப் போனேன். முனியாயி, "எங்க குலசாமி நீங்கதான் தாயி" என்று கும்பிட வந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன் – ரெண்டு பேரையும் ஒரே நம்பரில் போட வைத்தது நான், பச்சை வந்தது என்னால்தான் என்று.

முனியாயிக்குப் பாதி புரிந்தது. சத்யப்ரியாவுக்கு முழுதும் புரிந்தது. குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நீங்க கெளம்புங்கக்கா" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

ஜூலை 22, செவ்வாய்

ராமக்காள் பிரஷர் பார்க்கப் போனபோது சத்யப்ரியா கையை நீட்டவில்லையாம். என்ன செய்வது?

ஆகஸ்ட் 4, திங்கள்

கம்பெனியில் இப்போது மூன்றே பேர். பதினோரு ஊர்களில் நான்குதான் மிச்சம். அந்த நான்கிலும் ஒவ்வொருவருடைய பேரையும் வீட்டிலேயே போய்க் கேட்டு எழுதுகிறோம்.

மதியம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"அக்கா, சத்யப்ரியா பேசுறேன். இது என் போன், போன வாரந்தான் வாங்குனது. ராமக்கா இப்பப் பாத்துச்சு. நூத்தி முப்பத்தெட்டு, எம்பத்தெட்டு. எனக்குப் பாத்ததுதான், அத்தைக்கு இல்ல."

"தலைவலி இருக்கா?"

"இல்ல. ஆனா நீங்க ஒரு தடவ நேர்ல பாத்துச் சொல்லுங்க."

நாளை காலை போகிறேன்.