சும்மா உக்காந்தா போதுமாம்

ஜெரோஷன் அப்பா,

ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். நான் ஹட்டனுக்கு கிளினிக் போறேன், வயித்துத் தையல் பிரிக்க.

கொஞ்ச நேரத்துல, மலையில வேல வாங்குற கண்டாக்கையா வேனோட வருவாரு. நோயாளிங்கள தேயிலத் தோட்டத்துல எப்புடி நல்லா பாத்துக்கிறாங்கன்னு பாக்க கொழும்புலேருந்து ஆளுங்க வாராங்களாம். அதக் காட்டத்தான் ஆபரேசன் லீவுல இருக்கிற நான், கொழுந்தெடுக்கப் போறவங்க புள்ளைங்கள பாத்துக்கிற புள்ளக்காம்பரா வேலைக்கு வரணுமாம். "லீவு லீவாவே இருக்கட்டும், புள்ளைங்கள தூக்க வேணாம், சும்மா உக்காந்து சிரிச்சா போதும்"னு போன்ல சொன்னாரு. எனக்குச் சிரிச்சாத்தான் தையல் இழுக்குது.

நீங்களும் ராத்திரி, "கொஞ்ச நேரந்தானே, போயிட்டு வாயேன், தோட்டத் தொரைய ஏன் பகைச்சிக்கிற"ன்னீங்க. நான் சுவரு பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். இப்ப சொல்றேன், வேன் வந்தா நீங்க ஏறிப் போங்க. சும்மா உக்கார்றது உங்களுக்கு நல்லா வரும். வெள்ளச் சட்டைய அயன் பண்ணி வச்சிருக்கேன்.

சுகிர்தம்

விடிய எந்திரிச்சி தண்ணி புடிச்சி வச்சிருந்தீங்க, பாத்தேன். கோவம் பாதி கொறஞ்சிருச்சி.

அங்க புள்ளைங்க அழுவாங்க, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வருவாங்க. தூக்காம எப்புடி உக்கார்றதுன்னு வந்து எனக்குச் சொல்லுங்க.